கரியமில வாயு கூடினால் பொறிவண்டு கைவிடுமா?

கேள்வி: ஐயா, கம்பம் பக்கம் இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறோம். மாவுப்பூச்சிக்காகப் போன ஆடியில் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு விட்டோம், நன்றாகப் பிடித்தது. இந்தச் சித்திரையில் மறுபடி விட்டோம். மூன்று வாரத்தில் மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வெள்ளை வெள்ளையாக ஓடும் பூச்சிகள் பெருகிவிட்டன. அப்பா பயந்துபோய் மருந்து அடித்துவிட்டார். அதற்குப் பிறகும் கொத்தெல்லாம் மாவும் பிசுபிசுப்பும்தான். வேளாண்மை படிக்கும் என் தங்கை, "காற்றில் கரியமில வாயு கூடுவதால் திராட்சையில் உயிரியல் கட்டுப்பாடு பலவீனமாகிறது, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்" என்கிறாள். அது உண்மையா? அப்படியானால் இனி வண்டுக்குச் செலவழிப்பது வீண்தானா?

பதில்: தம்பி, முதலில் அந்த வெள்ளைப் பூச்சிகளைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான். மாவுப்பூச்சி ஓடாது. பெண் மாவுப்பூச்சி மூன்று மில்லிமீட்டர் அளவில், ஒரே இடத்தில் ஒட்டி உட்கார்ந்து சாறு குடிக்கும்; நகர்ந்தாலும் மெல்ல ஊரும். அதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, கொத்துக்குள் சுறுசுறுப்பாக ஓடுவது கிரிப்டோலேமஸ் வண்டின் புழு. முழுதாக வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மாவுப்பூச்சியைத் தின்று வளரும் அந்தப் புழு, மாவுப்பூச்சியைப் போலவே வேடம் போட்டிருக்கும். குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஓடினால் அது உங்கள் ஆள்.

வண்டு விட்ட மூன்றாவது வாரத்தில் இந்தப் புழுக்கள் கண்ணில் படுவது கணக்குக்குச் சரியாக இருக்கிறது. விட்ட வண்டுகள் மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப் பைகளுக்குள் முட்டையிட்டு, அவை பொரித்து, புழுக்கள் பெரிதாகி, நன்றாகத் தின்னத் தொடங்கிய நேரத்தில்தான் மருந்து விழுந்திருக்கிறது. அப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பல ஊர்களில் பலர் இப்படி அடித்திருக்கிறார்கள். ஆனால் சித்திரையில் உங்கள் வண்டு தோற்றது கரியமில வாயுவால் அல்ல. அது வேலை செய்துகொண்டிருந்தது.

இனி உங்கள் தங்கை சொன்னதற்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் "பலவீனமாகிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது.

காற்றில் கரியமில வாயுவை ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. 2024-ல் 420-க்கு மேல் இருந்தது. உங்கள் தாத்தா காலத்துக் கொடியைச் சுற்றி இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான கரியமில வாயு இன்றைய கொடியைச் சுற்றி இருக்கிறது. நாளைக்கு வரப்போகும் ஒன்றைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை. மாற்றம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இந்த அளவிலான வாயு வண்டையோ குளவியையோ நேராக ஒன்றும் செய்யாது. மண்ணுக்குள்ளும் எறும்புப் புற்றுக்குள்ளும் இதைப்போலப் பல மடங்கு கரியமில வாயுவில் பூச்சிகள் சாதாரணமாக வாழ்கின்றன. மாறுவது கொடி. கொடி மாறினால் அதில் சாறு குடிக்கும் பூச்சி மாறலாம். பூச்சி மாறினால் அதைத் தின்னும் வண்டும், அதற்குள் முட்டையிடும் குளவியும் மாறலாம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எவ்வளவு அசைகிறது என்பதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் தேடுகிறார்கள்.

உங்கள் தங்கை சொன்ன இடம் கைசன்ஹைம் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன ஊர். அங்குள்ள பல்கலைக்கழகம் 2012-ல் ரீஸ்லிங், காபர்னே சோவின்யோன் என்ற இரு ரகங்களைத் திறந்தவெளியில் நட்டு, 2014 முதல் வட்ட வட்டமான பாத்திகளுக்கு மேல் கரியமில வாயுவைச் சுற்றுக்காற்றைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டிப் பார்த்து வருகிறது. கண்ணாடி வீடு இல்லை, கூரை இல்லை. மழையும் வெயிலும் பூச்சியும் வழக்கம்போல வரும். இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரக்கூடிய காற்றை இன்றைக்கே கொடிக்குக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி அது. கூடுதல் வாயு பெற்ற கொடிகள் அதிகமாக ஒளிச்சேர்க்கை செய்தன, மகசூலும் கூடியது.

அங்கிருந்து 2019-ல் வந்த ஓர் ஆய்வு நேராக உங்கள் கேள்வியைத் தொடுகிறது. உலகத் திராட்சைத் தோட்டங்களில் பெரிய தொல்லையான ப்ளானோகாக்கஸ் ஃபைகஸ் என்ற மாவுப்பூச்சியையும், அதற்குள் முட்டையிடும் லெப்டோமாஸ்டிக்ஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துப் பார்த்தார்கள். கரியமில வாயு கூடியபோது மாவுப்பூச்சியின் வாழ்திறனில் சில மாற்றங்கள் தெரிந்தன. குளவியிடம் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. அதே லெப்டோமாஸ்டிக்ஸ் குளவியை 1983-ல் நம் நாட்டுக்கும் கொண்டுவந்து, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களின் மாவுப்பூச்சிக்கு விட்டார்கள் என்பதால் இது நமக்கு அந்நியமான செய்தி இல்லை. உங்கள் தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியாக இருக்கும். நசுக்கிப் பாருங்கள், செந்நிறச் சாறு வரும். அது வேறு இனம். அதனால் ஜெர்மனி முடிவை அப்படியே கம்பத்துக்குப் பெயர்த்துவைக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் "கரியமில வாயு கூடினால் எதிரிப் பூச்சிகள் ஒழிந்துவிடும்" என்று அந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டிய ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் சோயா வயலில் இதேபோல வாயுவைக் கூட்டிப் பார்த்தார்கள். 2008-ல் வந்த முடிவு: பூச்சி கடித்தால் செடி தனக்குள் எழுப்பும் ஒரு தற்காப்புச் சமிக்ஞை, ஜாஸ்மோனிக் அமிலம் வழியாகப் போவது, கரியமில வாயு கூடியபோது மங்கிவிட்டது, இலை தின்னும் வண்டுகள் அந்த இலையை வாகாகத் தின்றன. கைசன்ஹைமிலும் திராட்சைக் கொத்துப் புழு கடித்தபோது கொடிக்குள் எழும் மரபணு இயக்கம் கூடுதல் வாயுவில் வேறுமாதிரி இருந்ததைக் கண்டார்கள். இன்னொன்று, கடிபட்ட இலை ஒரு வாசனையை விடும். குளவிகள் அதை மோப்பம் பிடித்துத்தான் இரையிடம் வருகின்றன. முட்டைக்கோஸ் ஆய்வில் கரியமில வாயுவை இரட்டிப்பாக்கியபோது, ஒரு ரகத்தில் புழு கடித்த செடியையும் நல்ல செடியையும் குளவியால் வேறுபடுத்த முடியாமல் போனது. அந்தச் சங்கதிதான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது. வண்டு கண்ணாலும் காலாலும் அலைந்து தேடித் தின்றுவிடும். குளவிக்கு வாசனைதான் வழி.

இதெல்லாம் உங்கள் பந்தலுக்குள் எப்படி வந்து சேரும் என்று பார்ப்போம். மூன்று இடங்களில் வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன். மூன்றும் உங்கள் கைக்கு எட்டுகிற இடங்கள் என்பதால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

கரியமில வாயு கூடினால் இலையில் மாவுச்சத்து ஏறி, தழைச்சத்தின் விகிதம் இறங்கும். இது கிட்டத்தட்ட எல்லாப் பயிர்களிலும் பார்த்த ஒன்று. இலை வெளுத்தாற்போல் தெரிந்தால் நம் கை தானாக யூரியா மூட்டைக்குப் போகும். அங்கேதான் ஆபத்து. மாவுப்பூச்சிக்கு வேண்டியது சர்க்கரை இல்லை, சாற்றில் இருக்கும் தழைச்சத்துதான். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இளந்தளிர் கொழுகொழுவென்று வரும், மாவுப்பூச்சி முட்டைமேல் முட்டையிடும். எந்த வண்டாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கண்ணால் பார்த்து உரம் போடாதீர்கள். இலைக்காம்பு ஆய்வு செய்து, அதன் அளவுக்குப் போடுங்கள். தொழு உரத்தை விடாதீர்கள். ராயப்பன்பட்டி பக்கம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்தக் கணுவின் இலைக்காம்பை, கவாத்து செய்த எத்தனையாவது நாளில் எடுப்பது என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எறும்பு. உங்கள் கடிதத்தில் எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் "பிசுபிசுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். சாற்றில் தழைச்சத்து குறைந்தால் தேவையானதைப் பெற மாவுப்பூச்சி அதிகச் சாற்றைக் குடிக்க வேண்டும், மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளியாகக் கழிக்க வேண்டும். தேன்துளி இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும். மாவுப்பூச்சியை எறும்பு மாடு மேய்ப்பதைப்போல மேய்க்கும்: வண்டு வந்தால் விரட்டும், குளவி உட்கார விடாது, குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுத் தளிரில் விடும். எறும்பை அடக்காமல் வண்டு விட்டால் காசு காற்றில் போகும். இதை என்னால் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பந்தல் கால்களிலும் கொடித் தண்டிலும் ஒட்டுப்பசை பட்டை கட்டுங்கள். பந்தலைத் தொடும் களைகளையும் தொங்கும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், அவை எறும்புக்குப் பாலம். ஒரு லிட்டர் தண்ணீரில் 250 கிராம் சர்க்கரையும் 5 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, எறும்பு மட்டும் நுழையும்படி சிறு துளையிட்ட மூடிய டப்பாக்களில் தண்டோரம் வையுங்கள். அமிலம் அதற்கு மேல் கூடினால் எறும்பு புற்றுக்கு எடுத்துப்போகுமுன்னே செத்துவிடும், பயன் இல்லை. குழந்தைகள், ஆடுமாடு கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டு விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தழை நெருக்கம். அதிகம் ஒளிச்சேர்க்கை செய்யும் கொடி தழைத்துக்கொண்டே போகும். பந்தல் அடர்ந்தால் உள்ளே ஈரம் தங்கும், சாம்பல் நோயும் அடிச்சாம்பலும் வரும், சாம்பல் நோய்க்கு நீங்கள் கந்தகம் அடிப்பீர்கள். கந்தகத்தை இயற்கை மருந்து என்று பலரும் தாராளமாக அடிக்கிறார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் சிறு குளவிகளுக்கு அது ஆகாது. நம் தோட்டங்களில் அனகைரஸ் என்ற குளவி யாரும் விடாமலே வந்து இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். உப்பி, பழுப்பாகிக் காய்ந்த மாவுப்பூச்சியைக் கண்டால் அதன் வேலை என்று அறியலாம். கந்தகம் அடிக்க அடிக்க அது மறைந்துபோகும். தேவையில்லாத பக்கக் கிளைகளை நேரத்தில் கிள்ளி, கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் குறைத்து, காற்றோட்டம் வைத்தால் பாதிக் கந்தகம் மிச்சமாகும். அதே நேரம் கோடையில் கொத்தின்மேல் நேர்வெயில் விழும்படி மொட்டையடித்துவிடவும் கூடாது. இந்த அளவைப் பார்த்துச் செய்வதற்கு உங்கள் அப்பாவின் கையனுபவம்தான் துணை.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியில் பேசுவோர் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். வாயு கூடினால் இலைத்துளைகள் கொஞ்சம் மூடிக்கொள்ளும்; கொடி தண்ணீரை மிச்சப்படுத்தும், ஆனால் இலை சூடேறும். அதன்மேல் காற்றின் வெப்பமும் ஏறுகிறது. கிரிப்டோலேமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வண்டு. 25 முதல் 28 டிகிரியில் நன்றாகப் பெருகும், 35 டிகிரியை ஒட்டிப்போனால் தளர்ந்துவிடும். மாவுப்பூச்சியோ பட்டைக்கு அடியிலும் வேர்க்கழுத்திலும் ஒளிந்து வெயிலைத் தாண்டிவிடும். என் கணிப்பைக் கேட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் வண்டின் வேலையைக் கெடுக்கப்போவது கரியமில வாயுவைவிட, அதனோடு வரும் வெப்பம்தான். உங்கள் வண்டு சித்திரையிலும் முட்டையிட்டுப் புழுவானது என்றால் பந்தல் நிழலும் பாசனமும் நன்றாக இருந்திருக்கின்றன. ஆனாலும் அதை நம்பி முழுச் செலவையும் கோடையில் போடாதீர்கள்.

காலம் இப்படி வைத்துக்கொள்ளலாம். மே, ஜூனில் கோடைக் கவாத்து செய்ததும் தண்டிலும் கைகளிலும் தளர்ந்த பட்டையை உரித்து, பந்தலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். மாவுப்பூச்சியின் ஒளிவிடம் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிக் குளிர்ச்சி தரும் ஜூலை வாக்கில், முதல் முட்டைப் பைகள் கண்ணில் பட்டவுடன், கொடிக்கு 10 வண்டு வீதம் மாலையில் விடுங்கள். முட்டைப் பை இல்லாத நேரத்தில் விட்டால் வண்டு முட்டையிடாமல் பறந்துபோகும். கொத்து மாவால் வெளுத்த பிறகு விட்டால் பழத்துக்கு உதவாது. போன ஆடியில் நன்றாகப் பிடித்ததற்கு இந்தக் கால ஒழுங்குதான் காரணம் என்று நினைக்கிறேன். டிசம்பர், ஜனவரிக் கவாத்துக்குப் பிறகும் இதேபோல, பிப்ரவரிக்குள் விட்டுவிடுங்கள். சித்திரை வரை காத்திருக்க வேண்டாம்.

கைசன்ஹைமில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். வருடம் ஒரு அறுவடை. உங்கள் பள்ளத்தாக்கில் பக்கத்து நிலத்தில் கவாத்து, உங்கள் நிலத்தில் பூ, அடுத்த நிலத்தில் பழம். மாவுப்பூச்சிக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு உண்டு. அதனாலேயே வண்டுக்கும் வருடம் முழுக்க இரை உண்டு. அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து விட்டால் வண்டு ஒரு பந்தலில் குறைந்தாலும் அடுத்ததில் தங்கும். வண்டை வாங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. முற்றிய பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை ஏற்றி, அதில் வண்டை வளர்ப்பது நம் நாட்டில் நன்கு பழகிய முறை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு கொட்டகையில் செய்யலாம். முறையைக் கற்றுக்கொள்ள பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தை உங்கள் தங்கை அணுகட்டும். அவள் படிப்புக்கும் அது நல்ல பாடம்.

மருந்து அடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாவுப்பூச்சி மிஞ்சிப்போன கொடியை மட்டும் அடையாளம் கட்டி, மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்து அடியுங்கள். வண்டு விட்ட கொடியில் அது வேண்டாம், மேலே பட்டால் அதையும் கொல்லும். கடையில் "வண்டுக்குப் பாதுகாப்பானது" என்று பூச்சி வளர்ச்சித் தடுப்பான்களைக் கொடுத்தால் நிதானியுங்கள். வளர்ந்த பொறிவண்டு சாகாமல் இருக்கலாம். ஆனால் அந்த வகை மருந்துகளில் சில, பொறிவண்டின் முட்டையைப் பொரிக்கவிடாது, புழுவைக் கூட்டுப்புழுவாக விடாது. மாதம் கழித்துத் தோட்டத்தில் வண்டே இருக்காது, காரணமும் புரியாது.

"இனி வீண்தானா" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வண்டு இந்தியாவுக்கு வந்தது 1898-ல். அன்றிலிருந்து காற்றும் மாறியிருக்கிறது, பயிரும் மாறியிருக்கிறது, அது இங்கேயே நிலைத்துவிட்டது. 1994-ல் கரீபியன் கடலில் உள்ள கிரனடாவில் இதே இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி புகுந்து மரம் செடிகளைப் பாழாக்கியபோது, அந்தத் தீவுகளுக்கு இந்தியாவிலிருந்துதான் இந்த வண்டைக் கொண்டுபோனார்கள். நம் தமிழ்நாட்டிலேயே 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் வெளுத்து வாங்கியதை அப்பா மறந்திருக்கமாட்டார். எத்தனை மருந்து அடித்தும் அடங்காததை, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக் குளவிகள் அடக்கின. 1958-ன் காற்றில் நடந்ததல்ல அது. கரியமில வாயு கூடியிருந்த காற்றிலேயே நடந்தது. இன்னும் கூடினால் நாம் காலம் பார்த்து, எறும்பை அடக்கி, தழையை ஒழுங்குசெய்து அவற்றுக்கு அதிகம் உதவ வேண்டியிருக்கும். திராட்சையில் உயிரியல் கட்டுப்பாட்டின் எதிர்காலம் பற்றி எனக்கு இருக்கும் கவலை அந்த உழைப்பைப் பற்றியது. வண்டின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது செய்ய வேண்டியது: அடித்த மருந்தின் பெயரையும் அடித்த தேதியையும் குறித்துவையுங்கள், அதன் வீரியம் அடங்காமல் புதிய வண்டு விடக் கூடாது. அது தெரியாமல் நாள் சொல்ல என்னால் இயலாது. பெயர் கிடைத்ததும் எழுதுங்கள். அதற்குள் எறும்பு வேலையைத் தொடங்கிவிடுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு, மருந்து படாத ஓரக் கொடிகளில் ஓடும் வெள்ளைப் புழு மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கொடிகளுக்கு ஒரு துணியைக் கட்டி, கவாத்து வரை யாரும் தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.